வாரத்துக்கு எத்தனை மைல்?

ஓடும் பள்ளி மாணவிகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவை

சென்ற இதழில், "உங்கள் மகள் பள்ளி அணியில் ஓடுகிறாளா? கேள்விகளை அனுப்புங்கள்" என்று நாலு வரி போட்டிருந்தோம். வந்து குவிந்துவிட்டன. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்ட்டியில் ஓர் அரசுப் பள்ளியில் பதினாறு வருடமாகப் பெண்கள் கிராஸ் கன்ட்ரி (மேடு பள்ளமான மண் பாதையில் ஓடும் நீண்ட ஓட்டம்) அணிக்குத் துணைக் கோச்சாக இருக்கிறேன். அதற்கு முன், திருச்சியில் வெறுங்காலோடு 1500 மீட்டர் ஓடிய பெண். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. ஆகஸ்டில் கிராஸ் கன்ட்ரி சேர்கிறாள். இதுவரை வாரத்தில் இரண்டு நாள் ஓடியதோடு சரி. அணியில் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாரம் 40 மைல் ஓடுகிறாளாம். இவளும் அவ்வளவு ஓட வேண்டுமா? — ஒரு தாய், ஃப்ரீமாண்ட்

வேண்டாம். அந்த 40, அந்தப் பெண் மூன்று வருடத்தில் ஏறி வந்த படி. உங்கள் மகள் முதல் படியில் நிற்கிறாள்.

ஓடப்போகும் பந்தயத்தின் தூரத்தை முதலில் பாருங்கள். பெல்மான்ட்டில் உள்ள கிரிஸ்டல் ஸ்ப்ரிங்ஸ் பாதை 2.95 மைல். நவம்பர் கடைசியில் ஃப்ரெஸ்னோ உட்வர்ட் பார்க்கில் நடக்கும் மாநிலப் போட்டி 5 கிலோமீட்டர், அதாவது 3.1 மைல். வாரம் நாலு நாள், நாளுக்கு 25 அல்லது 30 நிமிடம், மூச்சு முட்டினால் கொஞ்சம் நடை என்று தொடங்கினால் போதும். கூட்டினால் 10, 12 மைல் வரும். அக்டோபரில் அது 18, 20 ஆகலாம். என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் இரண்டாம் வருடப் பெண்கள் 20 முதல் 28 வரை, மூன்றாம் வருடம் 25 முதல் 35, கடைசி வருடம் 30 முதல் 40. பதினாறு வருடத்தில் 45 மைலைத் தாண்ட நான் சம்மதித்தது இரண்டே பேருக்கு. இது எங்கள் அணியின் கணக்கு. வேறு கோச் வேறு மாதிரி எழுதுவார், அதிலும் நியாயம் இருக்கும்.

இன்னொன்று. நான் பிள்ளைகளுக்கு மைல் எழுதிக் கொடுப்பதில்லை, நிமிடம் எழுதிக் கொடுக்கிறேன். "இன்றைக்கு எல்லாரும் 5 மைல்" என்றால் மைலுக்கு எட்டு நிமிடத்தில் ஓடுகிற மூத்த பெண் 40 நிமிடத்தில் முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். பத்தரை நிமிடத்தில் ஓடுகிற புதுப்பெண் 52 நிமிடம் ஓடிக்கொண்டிருப்பாள். ஆக, அணியிலேயே உடம்பு பழகாத பிள்ளைக்குத்தான் அதிக நேர வேலை. இதை முதல் இரண்டு வருடம் நானும் கவனிக்கவில்லை. கெண்டைக்கால் எலும்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றவர்கள் எல்லாரும் பின்னால் ஓடிவந்த பிள்ளைகள்தான் என்று ஒரு நவம்பரில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அன்றிலிருந்து எல்லாருக்கும் 40 நிமிடம். வேகமானவள் 5 மைல் போவாள், மற்றவள் நாலுக்குச் சற்றுக் குறைவாகப் போவாள்.

வேகமும் முக்கியம். ஐந்து கிலோமீட்டரை 21 நிமிடத்தில் முடிக்கும் பெண் பந்தயத்தில் மைலுக்கு ஆறே முக்கால் நிமிடத்தில் ஓடுகிறாள். அவளுடைய சாதாரண நாள் ஓட்டம் ஒன்பது, ஒன்பதே முக்கால் நிமிடத்தில் இருக்க வேண்டும். முந்தின நாள் பள்ளியில் நடந்த கதையைத் தோழியிடம் முழு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டே ஓட முடிகிறதா என்று கேட்பேன். வார்த்தை துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். வாரத்தின் நீண்ட ஓட்டம் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. கடினமான நாள் ஒன்று போதும். பந்தயம் இருந்தால் அது இரண்டாவது.

எட்டு வாரம் 40 மைல் ஓடிவிட்டு, காலில் மருத்துவ பூட்ஸ் மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்காரும் பெண்ணின் கணக்கு 320 மைல். வாரம் 20 என்று நாற்பது வாரம் இடைவிடாமல் ஓடியவள் கணக்கு 800. தலைப்பிலுள்ள கேள்விக்கு என் பதில் இதுதான். வாரத்தில் எத்தனை மைல் என்பதைவிட, வருடத்தில் எத்தனை வாரம் அறுபடாமல் ஓடினாள் என்று எண்ணுங்கள்.

என் மகன் பள்ளியில் வாரம் 50 மைல் ஓடினான். பத்தாம் வகுப்பு மகளுக்கு அதே பள்ளியில் 28தான் தருகிறார்கள். பெண் என்பதால் குறைக்கிறார்களோ என்று சந்தேகம். — ஒரு தந்தை, ஃபோல்சம்

உங்கள் சந்தேகத்தை மதிக்கிறேன், சார். அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதல் முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். முடிவில் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. அதன் பிறகு 1960 ரோம் வரை அந்தப் பந்தயமே பெண்களுக்குக் கிடையாது. 1500 மீட்டர் வந்தது 1972-இல். மாரத்தான் 1984-இல், 10,000 மீட்டர் 1988-இல், 5000 மீட்டர் 1996-இல்தான். "பெண் உடம்பு தாங்காது" என்று சொல்லிச் சொல்லியே எழுபது வருடம் போயிருக்கிறது.

ஆனால் 28 என்ற எண்ணை மட்டும் வைத்துக் கோச்சைக் குற்றம் சொல்ல முடியாது. மகன் பத்தாம் வகுப்பில் எவ்வளவு ஓடினான் என்று பழைய கணக்கைப் பாருங்கள். அங்கே 50 இருந்திருக்காது. அடுத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஏழு நிமிட மைலில் 50 மைல் என்பது 350 நிமிடம். அதே 350 நிமிடத்தை எட்டே முக்கால் நிமிட மைலில் ஓடும் பெண் 40 மைல் போவாள். உடம்புக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே நேர உழைப்பு. கோச்சிடம் நீங்கள் கேட்க வேண்டியது, "பன்னிரண்டாம் வகுப்பு வருவதற்குள் இவளை எங்கே கொண்டுபோகத் திட்டம்?" என்பதை. நியூயார்க் மாநிலத்தின் ஃபாயெட்வில்–மான்லியஸ் பள்ளிப் பெண்கள் 2006 முதல் 2012 வரை தொடர்ந்து ஏழு வருடம் தேசிய அணிப் பட்டத்தை வென்றார்கள். அவர்களுடைய கோச் பில் ஏரிஸ், பெண்களிடமும் பையன்களிடமும் ஒரே எதிர்பார்ப்பை வைத்தவர் என்று பெயர் பெற்றவர். உங்கள் கோச்சின் பதிலில் ஒரு திட்டம் இருந்தால் நிம்மதியாக இருங்கள். "பெண்களுக்கு இது போதும்" என்று பதில் வந்தால் விடாதீர்கள்.

மகளுக்கு 15 வயது. வாரம் 35 மைல் ஓடுகிறாள். நாலு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான் என்று தோழிகள் சொல்கிறார்களாம். நேரமும் குறைந்துகொண்டே வருகிறது, கோச்சுக்கு சந்தோஷம். கவலைப்பட வேண்டுமா? — பெயர் வேண்டாம், சன்னிவேல்

வேண்டும் அம்மா. இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றாலோ, 15 வயது முடிந்தும் பெரியவளாகவில்லை என்றாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். வேறு காரணங்களும் இருக்கலாம், அவற்றையும் அவர் பார்ப்பார். ஆனால் "ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான்" என்ற பேச்சை உங்கள் வீட்டில் இன்றோடு நிறுத்துங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். ஓட்டத்துக்குச் செலவானது போக மிச்சமிருக்கும் சாப்பாட்டில்தான் உடம்பு மற்ற வேலைகளை நடத்த வேண்டும். மிச்சம் போதவில்லை என்றால், உயிர் வாழ உடனடியாகத் தேவையில்லாததை முதலில் நிறுத்தும். மாதவிலக்கு நிற்கும். அதோடு ஈஸ்ட்ரோஜன் குறையும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்புக்குக் காவல் போய்விடும். ஒரு பெண்ணின் எலும்பில் சேர வேண்டிய தாதுவில் கால் பங்கு, அவள் வேகமாக வளரும் இரண்டே வருடத்தில் சேர்கிறது. இந்த வயதில் தவறவிட்டதைப் பிற்பாடு முழுதாக மீட்பது கடினம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் மருத்துவர் குழு 2014-இல் இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்து எச்சரித்தது. 2023-இல் அந்த அறிக்கையைப் புதுப்பித்தும் இருக்கிறது.

நேரம் குறைகிறது என்கிறீர்களே, என்னை அதிகம் பயமுறுத்துவது அதுதான். எடை இறங்கியதும் சில மாதம் கால் பறக்கும். எல்லாரும் கை தட்டுவார்கள். பிறகு எலும்பு பேசும். மேரி கெய்ன் என்ற பெண் 17 வயதில், 2013-இல், மாஸ்கோ உலகப் போட்டியின் 1500 மீட்டர் இறுதிச்சுற்றில் ஓடினாள். 2019-இல் ஒரு காணொளியில் அவளே வெளியே வந்து சொன்னாள்: எடையைக் குறை, குறை என்ற நெருக்கடியில் மூன்று வருடம் மாதவிலக்கு நின்றது, ஐந்து எலும்புகள் முறிந்தன என்று. அந்தக் காணொளியை எங்கள் அணியின் பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு ஆகஸ்டும் போட்டுக் காட்டுகிறேன்.

எனக்கும் இது நடந்தது. பதினொன்றாம் வகுப்பில் ஏழு மாதம் நின்றுபோயிற்று. எங்கள் பள்ளியில் பயிற்சி கொடுத்தவர், "நல்லதாப் போச்சு, போட்டி அன்னிக்குத் தொல்லை இல்ல" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. காலையில் ஒரு டம்ளர் காபியோடு மைதானத்துக்குப் போவேன். மதியம் வரை ஒன்றும் கிடையாது. மாவட்டப் போட்டிக்கு ஒன்பது நாள் முன்னால் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு விரிசல் விட்டது. அம்மாவிடம் சொல்ல வெட்கம், டாக்டர் ஓர் ஆண் என்பதால் அவரிடமும் வாய் திறக்கவில்லை. உங்கள் மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். பெரிய விஷயம் அது. அவளிடம், "சொன்னது நல்லது கண்ணு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இனி சாப்பாடு. ஒரு கணக்குச் சொல்கிறேன், அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். மகளிடம் காட்டாதீர்கள், சாப்பிடும்போது எண்ணத் தொடங்கிவிடுவாள். 45 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் கொழுப்பு நீங்கலாக 37 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். அந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 45 கலோரி இருந்தால் உடம்பு செழிப்பாக நடக்கும். அது 1665. ஐந்து மைல் ஓட்டத்துக்குச் சுமார் 360. ஆக 2000-க்கு மேல் வேண்டும். ஓட்டத்துக்குச் செலவானது போகக் கிலோவுக்கு 30-க்குக் கீழே இறங்கினால் இந்த ஆபத்தெல்லாம் கூடும். ஐந்து மைல் ஓடும் நாளில் 1470-க்குக் கீழே சாப்பிட்டால் அங்கே போய்விடுவாள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பஸ் ஏறி, மதிய டப்பாவைப் பாதியாகத் திருப்பிக் கொண்டுவந்து, இரவு "சாலட் போதும்மா" என்று சொல்லும் பெண்ணுக்கு இது சுலபமாக நடக்கும்.

பயிற்சி மூன்றரை மணிக்கு என்றால் மூன்று மணிக்கு ஒரு வாழைப்பழமும் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியும் அவள் பையில் இருக்கட்டும். ஓடி முடித்த அரை மணிக்குள் பாலோ தயிர் சாதமோ, கையில் கிடைப்பதைச் சாப்பிடட்டும். காரிலேயே கொடுங்கள். மைலை எவ்வளவு குறைப்பது, ஓடலாமா கூடாதா என்பதை டாக்டர் சொல்லட்டும். எங்கள் அணியில் டாக்டர் கடிதம் வரும்வரை அந்தப் பெண்ணுக்குப் பந்தயம் கிடையாது. கோச்சிடம் நீங்களே நேரில் பேசுங்கள், மகள் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள்.

வாரத்துக்கு பத்து சதவீதத்துக்கு மேல் மைலேஜைக் கூட்டக் கூடாது என்கிறார்களே, உண்மையா? — பிளெசன்டன்

நல்ல பழக்கம், ஆனால் மந்திரம் இல்லை. நெதர்லாந்தின் கிரோனிங்கனில் புதிதாக ஓட வந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவை வாரம் பத்து சதவீதம் என்று மெல்லக் கூட்டிக்கொண்டு போனார்கள். மற்ற குழு இன்னும் வேகமாக ஏறியது. 2008-இல் முடிவு வந்தபோது இரண்டிலும் ஐந்தில் ஒருவர் காயம்பட்டிருந்தார்கள். நான் செய்வது: மூன்று வாரம் ஒரே அளவு, பிறகு மூன்று நான்கு மைல் கூடுதல். தேர்வு வாரத்தில் கூட்டுவதே இல்லை. தூக்கம் ஐந்து மணி நேரமாகச் சுருங்கிய பிள்ளைக்குப் பத்து சதவீதமும் அதிகம்தான்.

நாங்கள் சைவம். மகள் இரண்டு மாதமாக மேட்டில் ஏறும்போது திணறுகிறாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.4. நார்மல் என்கிறார்கள். — கூப்பர்டினோ

12-க்கு மேல் இருப்பதால் ரத்தசோகை இல்லை என்பது சரி. ஆனால் "ஃபெரிட்டின்" பார்த்தார்களா என்று கேளுங்கள். ஹீமோகுளோபின் கையில் புழங்கும் காசு என்றால், ஃபெரிட்டின் பெட்டியில் இருக்கும் இரும்புச் சேமிப்பு. பெட்டி காலியான பிறகும் சில மாதம் கையில் காசு இருப்பதுபோல் தெரியும். ஓட்டக்காரப் பெண்களுக்கு அது 30-க்கு மேலாவது இருக்க வேண்டும் என்று பல விளையாட்டு மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள். ஆய்வகத் தாளில் 15 இருந்தாலும் "நார்மல்" என்று அச்சாகி வரலாம்.

இந்த வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 15 மில்லிகிராம் இரும்பு வேண்டும். காய்கறி, பருப்பிலிருந்து வரும் இரும்பை உடம்பு குறைவாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் சுண்டலில் எலுமிச்சை பிழியுங்கள், கீரையோடு தக்காளி சேருங்கள். டிபனோடு காபி, டீ கொடுக்கும் நம் வழக்கத்தை மட்டும் மாற்றுங்கள், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். இரும்பு மாத்திரையைக் கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள், அதிகமானாலும் கெடுதல். கேழ்வரகுக் கூழ் கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள். நிறுத்தாதீர்கள், அதில் எலும்புக்குக் கால்சியம் இருக்கிறது.

ஆன்ட்டி, நைன்த்ல ஃபைவ் கே 19:40 ஓடினேன். இப்போ லெவன்த்ல 20:30. வெயிட் அஞ்சு கிலோ ஏறிடுச்சு. மைலேஜை 25-லேர்ந்து 38 ஆக்கிட்டேன், இன்னும் ஸ்லோவாத்தான் ஆகுது. இன்னும் கூட்டணுமா? — சான் ரமோன்

கூட்டாதே கண்ணு. 28-க்கு இறங்கி வா, ஒரு மாதம் அங்கேயே இரு.

நீ சோம்பேறியாகிவிடவில்லை, உன் உடம்பு பெண் உடம்பாக மாறிக்கொண்டிருக்கிறது. இடுப்பு அகலமாகும், எடை ஏறும், அதைச் சுமக்கும் தசையும் எலும்பும் வலுப்பட ஒன்றிரண்டு வருடம் எடுக்கும். அந்த இடைவெளியில் நேரம் நிற்கும், சிலருக்குப் பின்னாலும் போகும். இந்தக் கட்டத்தில்தான் நிறையப் பெண்கள் சாப்பாட்டைக் குறைத்து மைலைக் கூட்டி, பழைய உடம்பைத் துரத்திப் போகிறார்கள். அந்தப் பதினாலு வயசு உடம்பு திரும்பி வராது. வரவும் வேண்டாம்.

நம் கலிஃபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் படித்த ஜோர்டன் ஹேசே ஒன்பதாம் வகுப்பில், 2005-இல், ஃபுட் லாக்கர் கிராஸ் கன்ட்ரி தேசியப் பட்டம் வென்றாள். அடுத்த பட்டம் கடைசி வருடத்தில், 2008-இல்தான். நடுவில் இரண்டு வருடம் வேறு பெண்கள் ஜெயித்தார்கள். அவள் ஓடுவதை விடவில்லை. 2017-இல் சிகாகோ மாரத்தானை 2 மணி 20 நிமிடம் 57 விநாடியில் முடித்தாள்.

வாரம் இரண்டு நாள் ஓட்டம் முடிந்ததும் நூறு மீட்டர் தூரத்தை ஆறு முறை, இழுத்துப் பிடிக்காமல் வேகமாக ஓடு. இரண்டு நாள் எடைப் பயிற்சி செய். உன் கோச் மற்ற நாள் மைலைக் குறைக்கத் தயங்கினால் இந்தப் பக்கத்தைக் காட்டு. தராசை அம்மாவிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொல். அடுத்த சீசன் எப்படிப் போனாலும் எனக்கு எழுது.

ஜூன் நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை கோயம்புத்தூரில் இருப்போம். அணியில் எல்லாரும் கோடைப் பயிற்சி செய்யும்போது இவள் பின்தங்கிவிடுவாளே? — சான் ஹோசே

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் அணியில் நாலைந்து தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது. தாத்தா பாட்டியைப் பார்க்கப் போவதை ஓட்டத்துக்காக நிறுத்தாதீர்கள்.

கோவை உங்களுக்கு வசதி. ஜூனில் காற்று வந்துவிடும், சென்னை, மதுரை அளவுக்கு வாட்டாது. ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் விடியற்காலை ஐந்தேகாலுக்கே ஆட்கள் இருப்பார்கள். பாதை வட்டமாக இருப்பதால் எங்கே நிறுத்தினாலும் வீடு தூரமில்லை. வாரம் நாலு நாள், 30 நிமிடம். மைல் பார்க்க வேண்டாம். புழுக்கத்தில் மைலுக்கு ஒரு நிமிடம் கூடுதலானாலும் அதே உழைப்புதான். தெருவில் ஓடுவதாக இருந்தால் தனியாக அனுப்பாதீர்கள். மாமாவோ சித்தப்பாவோ சைக்கிளில் கூட வரட்டும். நாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடக்கச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் அது நின்று இரண்டு நாள் ஆகும்வரை ஓட்டம் வேண்டாம். கல்யாணம், கோயில் என்று ஒரு வாரம் முழுதும் விட்டுப்போனால் அடுத்த வாரத்தில் சேர்த்து ஓட வேண்டாம்.

திரும்பி வந்த முதல் வாரம், போவதற்கு முன் ஓடியதில் பாதி போதும், தூக்கம் நேராகட்டும். ஆகஸ்ட் முதல் பயிற்சி நாளில் கோச் "கோடையில் எவ்வளவு ஓடினாய்?" என்று எல்லாரையும் கேட்பார். அங்கே உண்மையான எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். 12 ஓடிவிட்டு 25 என்று சொன்னால் அவளை 25 ஓடியவர்களோடு சேர்த்துவிடுவோம், செப்டம்பரில் காலைப் பிடித்துக்கொண்டு வருவாள். ஓடிய நாளையும் நிமிடத்தையும் பாட்டி வீட்டுக் காலண்டரிலேயே அவள் எழுதி வரட்டும். ஊரிலிருந்து கிளம்பும்போது அந்தத் தாளைக் கிழித்து எடுத்துவந்தால் போதும். என் பிள்ளைகள் அப்படிக் கொண்டுவந்து கொடுத்த தாள்கள் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன.